ஜெபமாலை முடிந்ததும் விழும் ஓட்டுகள்

பகையை வளர்க்கிறவர்களுக்குப் பொறுமையைக் கற்றுத்தர வேண்டியதில்லை. அது தானாக வந்துவிடும். பாறசாலை நீதுவுக்கும் அப்படித்தான் வந்தது. சமையலறையில் பால் பொங்கினால் பதறுகிறவள், ராபின்சனைக் கவிழ்ப்பதற்கு இரண்டு வருடம் பதறாமல் காத்திருந்தாள்.

இருவரும் ஒரே கல்லூரியில் மருத்துவ மின்னணுவியல் டிப்ளமா படித்தவர்கள். நீது நெய்யாற்றின்கரையில் ஒரு சர்வீஸ் நிறுவனத்தில் வேலை செய்தாள். மருத்துவமனைகளில் மானிட்டர், இன்ஃப்யூஷன் பம்ப், ஆக்சிஜன் மெஷின் என்று எது பழுதானாலும் பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பாள். ராபின்சன் காஞ்சிரங்குளத்துக்காரன், அவனுக்கும் அதே தொழில்தான்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கென்று ‘கருவி மன்றம்’ என்றொரு இணையத்தளம் உண்டு. மெஷின் முன்னால் கைபிசைந்து நிற்கிறவர் அதில் கேள்வி போடுவார். தெரிந்தவர் பதில் எழுதுவார். பதில் பயன்பட்டது என்று தொழிலில் உள்ள இன்னொருவர் நினைத்தால் பக்கத்திலிருக்கும் அம்புக்குறியை அமுக்குவார். அது ஒரு ஓட்டு. ஓட்டுக்குப் புள்ளி உண்டு. புள்ளி ஏறினால் பெயர் மேலே போகும். பெரிய கம்பெனிகள் அந்தப் பெயர்களைப் பார்த்து ஆளெடுக்கத் தொடங்கியதும், மன்றத்துக்குள் நல்லது கெட்டது எல்லாம் நுழைந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் கொச்சிக் கம்பெனி ஒன்று பயிற்சியாளர் வேலைக்கு ஆள் தேடியது. தென்பகுதிப் பட்டியலில் நீது முதலாவது; ராபின்சன் இரண்டாவது. நேர்முகத்துக்குச் சில நாளே இருந்தபோது, வீட்டு ஆக்சிஜன் மெஷின் பற்றி அவள் எழுதியிருந்த சாதாரணமான ஒரு பதிலுக்கு ஒரே மாலையில், அரைமணி நேரத்துக்குள், நூற்றுக்கும் மேல் ஓட்டு வந்து விழுந்தது. கள்ள ஓட்டைப் பிடிக்க மன்றம் வைத்திருந்த காவல் நிரல் உடனே அவள் கணக்கைப் பூட்டியது. பெயருக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு. ‘செயற்கையாக ஓட்டுச் சேர்த்தவர்’ என்று கீழே எழுத்து.

இந்த வித்தை மன்றத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிராளியை வீழ்த்த அவனைத் திட்ட வேண்டாம்; அவனுக்கே கள்ள ஓட்டை வாரிக் கொட்டினால் போதும், நிரல் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வேலை ராபின்சனுக்குப் போயிற்று. பல மாதம் கழித்து ‘நிரூபணம் இல்லை’ என்று சிவப்புக் கோட்டை எடுத்தார்கள். ஆனால், ஆஸ்பத்திரி ஸ்டோர்களில் இருந்தவர்கள் “ஓட்டு நீது வந்தாச்சு” என்று சிரித்ததை யார் எடுப்பது?

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் சன்னதியில் வெண்ணெய் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: “கிருஷ்ணா, அவன் வெச்ச வெடியில அவனே சாவணும்.” கடவுளிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள். வெண்ணெய் விரலிடுக்கில் உருகி வழிந்தது.

இந்த வருடம் மன்றத்தின் காவல் குழுவுக்குத் தொண்டர்கள் கேட்டபோது அவள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். ‘உறுப்பினர் யாரோடும் சொந்த வழக்கு இருந்தால் அவரைப் பற்றிய விசாரணையில் தலையிடக் கூடாது’ என்று விதி இருந்தது. படித்தாள். ‘இல்லை’ என்று குறித்தாள். பொய் சொல்கிறபோது உள்ளங்கை வேர்க்கும் என்பார்கள். அவளுக்கு வேர்க்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் ராபின்சனின் கணக்கைத்தான் திறந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு இனித்தது. அவனுடைய பதில்களுக்கு ஓட்டுகள் கொத்தாக வந்திருந்தன. ஓட்டுப் போட்ட கணக்குகளின் போன் எண்களெல்லாம் காஞ்சிரங்குளத்து விலாசத்தில் இருந்தன. மாலை ஏழு மணி கழிந்ததும் தொடங்கும், சற்று நேரத்தில் ஓயும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்ததால் நிரலின் கண்ணுக்கு அது இயல்பான மழைபோலத் தெரிந்திருக்கிறது. அவளுடைய ஆக்சிஜன் பதிலில் விழுந்த வெள்ளமும் அதே எண்களிலிருந்துதான். அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். திரும்ப உட்கார்ந்து இன்னொரு முறை பார்த்தாள்.

குழுத்தலைவர் எலியா மார்த்தாண்டத்துக்காரர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கருவிப் பிரிவை நடத்துகிறவர். நீது அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஆளு ஒண்ணு, கணக்கு நூறு. இது பொய்க்கணக்காக்கும் எலியா அண்ணா. கருப்புப் பக்கத்துல பேரும் போட்டோவும் போட்டுருவோம். இனி ஒரு கம்பெனியும் அவனத் தொடக்கூடாது.”

“போடலாம் மக்கா. ஆனா கருப்புப் பக்கத்துல ஒருத்தனுக்க பேரு ஏறினா பின்ன எறங்காது. அது பொய்க்கணக்கா, ஜீவனுள்ள மனுசன் குத்தினதாண்ணு நமக்குத் தெரியணும். ஒரு எண்ணையாவது நேர்ல பாத்துட்டு ரிப்போர்ட் எழுது.”

நீது முதலில் இருந்த எண்ணை அழைத்தாள். பெயர் மார்கிரெட், தொழில் ‘ஆஸ்பத்திரி டெக்னீஷியன்’. யாரும் எடுக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண்குரல் எடுத்தது.

“கருவி மன்றத்துலேருந்து பேசுகேன். உங்க கணக்கச் சரிபாக்கணும்.”

“மன்றத்துலேருந்தா! ஏசுவே! ஆபீசரு மேடமா? ஒரு கணக்குக்கு மட்டும் எதுக்கு மேடம், இண்ணைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. எல்லாரும் இஞ்சதான் இருப்பாவ. ஒண்ணா சரிபாத்துட்டுப் போலாம்.”

நீது போனைப் பார்த்தாள். கன்னம் வைக்கிறவன் போலீசுக்கு வெற்றிலை வைத்து அழைப்பதை அவள் கேள்விப்பட்டதில்லை.

அவளுடைய கணவன் சஜி ஸ்கூட்டரை எடுத்தான். அவள் சேலை கட்டிப் பொட்டு வைத்து வருவதைப் பார்த்து, “நீ போறது விசாரணைக்கா, பெண்ணு பாக்கவா?” என்றான்.

“அவனுக்க கருமாதிக்கு.”

“அப்ப வெள்ளச் சேலையில்லா உடுக்கணும்?”

“வண்டிய எடு சேட்டா. களியாக்காத.”

காஞ்சிரங்குளத்தைத் தாண்டிக் கடல்புறமாக இறங்கும் பாதையில் காற்றில் உப்பு ஏறியது. வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஜெபமாலைச் சத்தமே வழிகாட்டியது. கடற்கரைத் தேவாலயப் பங்குகளில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து அன்பியம் என்று வைத்திருப்பார்கள். மாலையில் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். இன்று இந்த வீட்டு முறை. முற்றத்தில் பாய் விரித்து முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மீன் விற்றுவிட்டு வந்த பெண்கள், கரையேறிய ஆண்கள், கல்லூரிப் பெண்பிள்ளைகள். நீது கைப்பைக்குள் போனின் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தாள்.

ஜெபம் முடிந்தது. கட்டன்சாயா வந்தது. கூடவே எல்லோர் மடியிலிருந்தும் போன் வெளியே வந்தது.

“எல்லாரும் கேளுங்க,” என்றாள் நடுவிலிருந்த அம்மாள். அவள்தான் மார்கிரெட். “இண்ணைக்கு ராபின்சன் ரெண்டு பதில் எழுதியிருக்கான். மேல பாக்குற அம்ப அமுக்கணும். கீழ பாக்குறத அமுக்கப்பிடாது. போன மாசம் பிலோமி கீழ அமுக்கிட்டா.”

“கண்ணாடி எடுக்க மறந்துட்டேன், அதுக்கு வருசம் முழுக்கச் சொல்லுவியா?” என்றாள் பிலோமி.

“கண்ணாடி போட்டாலும் நீ கருவாட்டத்தான் பாப்ப.”

முற்றம் சிரித்தது. விரல்கள் அமுக்கின. நீதுவின் பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் தன் போனை அவளிடம் நீட்டி, “எனக்கு எழுத்து தெரியாது மக்கா, நீ ஒண்ணு குத்து” என்றார். சஜி இருமிக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

ஆக, எண்களெல்லாம் பொய்யல்ல. ஆளெல்லாம் உண்டு. ஆனால், ஒருவருக்கும் ஆக்சிஜன் மெஷினுக்கும் மாவாட்டுகிற மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாது.

“அம்மா, நீங்க ராபின்சனுக்கு யாரு?” என்றாள் நீது.

“நான் பெத்த மவன் மேடம்! கொச்சியில பெரிய கம்பெனில இருக்கான்.”

“அவன்தான் குத்தச் சொன்னானா?”

“அவன் எதுக்குச் சொல்லணும்? நானாக்கும் எல்லாருக்கும் போன்ல ஏத்திக் குடுத்தேன். ‘நீ டெக்னீஷியனா’ண்ணு அது கேட்டு. ஆமாண்ணு குத்தினேன். ஒரு வீட்டுல கல்யாணம்னா ஆளுக்கொரு தேங்கா கொண்டு போகல்லியா? அதுபோலத்தான். அவனுக்குத் தெரிஞ்சு, ‘வேண்டாம்மா’ண்ணு ஒருக்க சொன்னான். பெறவு ஒண்ணும் சொல்லல்ல.”

பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நீது அந்தச் சொல்லைக் கவ்விப் பிடித்தாள். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு போதும், ஆனாலும் அவளுக்கு முழுவதும் வேண்டியிருந்தது.

“ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு பெண்ணுக்க பதிலுக்கு எல்லாரும் சேந்து குத்தினீங்களே. அவளக் கவுக்கவா?”

மார்கிரெட்டுக்குக் கேள்வி புரியவில்லை. “எந்தப் பெண்ணு? ஆக்சிஜன் மெஷின் பெண்ணா? கவுக்கவா! என்ன மேடம் இப்பிடிக் கேக்கிய?” என்று எழுந்து, நீதுவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்; சஜியும் பின்னால் வந்தான். கட்டிலில் மெலிந்த ஒரு மனிதர் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். தரையில் ஆக்சிஜன் மெஷின் முனகிக்கொண்டிருந்தது.

“இது எனக்க மாப்பிள, யேசுவடியான். கடல்ல கெடந்து கெடந்து நெஞ்சு போச்சு. அண்ணைக்கு மழையில இந்த மெஷின் கெடந்து அலறுது. வண்டி கிட்டல்ல. மவன் கொச்சிக்கு ஏதோ பரீட்சைக்குப் போயிருந்தான். பதட்டத்துல அவனுக்கு ஒண்ணும் ஓடல்ல. அவனுக்க போன்லேருந்து அப்பாக்க பேருல கேள்வி போட்டுட்டு என்ன லைன்ல வெச்சிருந்தான். யாரோ ஒரு பெண்ணு உடனே எழுதினா. தண்ணிக் குப்பி மூடி சாஞ்சு பூட்டியிருக்காண்ணு பாரு, பின்பக்கத்து சல்லடைல தூசி உண்டாண்ணு பாரு, அதுவர சிலிண்டர மாத்துண்ணு. ஒவ்வொண்ணா மவன் போன்ல வாசிச்சான், நான் செஞ்சேன். இவருக்க உதடு நீலமா இருந்தது மேடம். பெறவு செவந்துது.”

யேசுவடியான் தலையாட்டினார். பேச அவருக்கு மூச்சு போதவில்லை.

“அவளுக்க பேரும் ஊரும் வாசிச்சுச் சொன்னான். எனக்கு வாயில நிக்கல்ல. நம்ம பக்கத்துப் பிள்ளைண்ணு மட்டும் ஓர்மை. அவளுக்கு என்ன குடுக்க? திருநாள் கொடியேத்துக்கு ஊரே கூடியிருந்துது. நான் பங்கு அச்சன்ட கேட்டு மைக்க வாங்கி, எல்லாரையும் அந்தப் பிள்ளைக்குக் குத்த வெச்சேன். ஊரு முழுக்க! அதுவர எனக்க மவனுக்குக்கூட அத்தற ஓட்டு விழுந்ததில்ல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “நீங்க மன்றத்து ஆளுதானே. அந்தப் பிள்ள நல்லா இருக்காளா மேடம்? ராபின்சன்ட கேட்டேன். நல்லா இருக்கா, பெரிய வேலைல இருக்காண்ணு சொன்னான்.”

சஜி வாயைத் திறந்தான். நீது அவன் காலை மிதித்தாள்.

அவளுக்குள் என்ன நடந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரக்கம் முதலில் வரவில்லை. முதலில் வந்தது, இதைவிடப் பெரிய கத்தி கைக்குக் கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷம். கருப்புப் பக்கம் என்ன பெரிது? ‘உங்கள் மவன் எல்லாம் தெரிந்தும் வாய்மூடி இருந்தான். உங்கள் நன்றியால் நான் திருடியானேன். அந்த வேலையில்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான்’ என்று இந்த அம்மாளிடம், இந்த முற்றத்தில், இத்தனை பேர் முன்னால் சொன்னால் போதும். ராபின்சன் இனி எந்த ஊரிலும் தலைநிமிர மாட்டான். சொற்கள் நாக்கின் நுனியில் வந்து நின்றன.

மார்கிரெட் அவள் தம்ளரைப் பார்த்தாள். “சாயா ஆறிப்போச்சே. தா, சூடாக்கித் தாறேன்.”

அந்தப் பழைய தம்ளரை அவள் வாங்கிக்கொண்டு போன விதத்தில் ஏதோ இருந்தது. கேட்காமலே செய்கிற கை அது. தப்பான இடத்தில் அமுக்கியதும் அதே கைதான். புருஷன் உதட்டைச் சிவக்கவைத்ததும் அதே கைதான். அந்தக் கையை வெட்டிவிட்டு மகனுக்கு வலிக்கிறதா என்று பார்ப்பதா?

“நல்லா இருக்கா அம்மா,” என்றாள் நீது. சூடான சாயாவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

பாதை முக்கில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி ராபின்சனை அழைத்தாள்.

“எலே ராபின்சா. நீதுவாக்கும். உனக்க வீட்டுலேருந்து வாறேன். உனக்க அம்மா போட்ட சாயா குடிச்சேன்.”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, “அம்மாட்ட சொன்னியா?” என்றான்.

“அதுதான் உனக்கு முதல்ல தோணுது, இல்ல?”

“நீது, நான் குத்தச் சொல்லல்ல. சத்தியமாட்டு. நீ பூட்டுப்பட்டதும் எனக்குப் புரிஞ்சுது. மன்றத்துக்கு எழுதலாம்ணு உக்காந்தேன். எழுதினா அம்மா எனக்குக் குத்தினதும் வெளிய வரும். மறுநாள் கம்பெனிலேருந்து கூப்பிட்டானுவ. பெறவு... எழுதல்ல.”

“எனக்க பதிலு உனக்க அப்பனுக்கு மூச்சு குடுத்துது. நீ எனக்கு என்ன குடுத்த? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஓட்டு நீதுண்ணு பேரு!”

“நீ என்னெ கருப்புப் பக்கத்துல போடு. போட்டோவும் போடு. வேலையையும் விடுகேன். அம்மாட்ட மட்டும் சொல்லாத. பூசைக்குப் பள்ளியில பின்ன அவ முகம் காட்டமாட்டா.”

“நான் சொல்லமாட்டேன்,” என்றாள் நீது. அவன் மூச்சு விடுவது கேட்டது. அது முழுதாக வெளியே வருவதற்குள் அவள் தொடர்ந்தாள். “நீ சொல்லணும். போன்ல இல்ல. வண்டி ஏறி வந்து, அவளுக்க முகத்தப் பாத்து. எனக்குத் தெரிஞ்ச பெரிய தண்டன இதாக்கும். இத நான் உனக்குக் குறைக்கமாட்டேன்.”

போனை வைத்துவிட்டு ஒலிப்பதிவை அழித்தாள். சஜி வண்டியைக் கிளப்பினான்.

வீட்டுக்கு வந்ததும் எலியாவுக்கு எழுதினாள். தனக்கும் ராபின்சனுக்கும் பழைய வழக்கு உண்டு, அதை மறைத்துக் குழுவில் சேர்ந்தேன், விலகுகிறேன் என்பதைத்தான் முதலில் எழுதினாள். பிறகு கண்டதைச் சொன்னாள்: கணக்குகள் பொய்யல்ல, ஆனால் தொழிலில் இல்லாதவர்கள், ஓட்டுகளை நீக்க வேண்டும், தனக்கு விழுந்தவற்றையும் சேர்த்து, இனிமேல் புதிதாக வருகிறவருக்குத் தொழிலில் உள்ள ஒரு பழைய உறுப்பினர் பொறுப்பேற்ற பிறகே ஓட்டுரிமை தரவேண்டும், வெள்ளம்போல் ஓட்டு விழுந்தால் கணக்கைப் பூட்டும் முன் குத்தியவர்களில் ஒருவரையாவது கேட்க வேண்டும்.

எலியா அழைத்தார். “நீ மறச்சது தப்பாக்கும். ஒரு வருசம் காவல் குழு பக்கம் வராத. நீ எழுதின ரெண்டு விதியையும் நான் எடுத்துக்குறேன்.” பிறகு குரலைத் தணித்து, “அவன் எனக்கு எழுதியிருக்கான் மக்கா. எல்லாம் ஒத்துக்கிட்டு. கம்பெனிக்கும் எழுதிட்டானாம்” என்றார்.

ராபின்சன் வண்டி ஏறி வந்து சொன்ன அன்றைக்கு மார்கிரெட் அழைத்தாள். முதலில் அழுகை மட்டும்தான் கேட்டது.

“நீதானா அந்தப் பிள்ள? எனக்க வீட்டுல இருந்து எனக்க கையால சாயா குடிச்சிட்டு ஒரு வார்த்த சொல்லாமப் போனியே மக்கா. நான் உனக்குக் கொள்ளி வெச்சிட்டு, பெரிய உபகாரம் செஞ்சவளாட்டு மைக்குல பேசியிருக்கேனே.”

“நீங்க நல்லதுண்ணு நெனச்சுச் செஞ்சது அம்மா.”

“நல்லதுண்ணு நெனச்சா போதுமா? என்ன ஏதுண்ணு கேட்டுட்டுல்லா செய்யணும்? நீ ஒருக்க வா. குத்தினத எப்பிடித் திருப்பி எடுக்குறதுண்ணு எங்களுக்குச் சொல்லித் தா. ஆபீசுல அழிச்சா எங்களுக்குப் புத்தி வராது. குத்தின விரலே எடுக்கட்டு.”

நீது போனாள். அதே முற்றம், அதே பாய்; இந்த முறை குத்திய ஊர் முழுக்க வந்திருந்தது. ராபின்சன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்காமலேயே அவள் பார்த்தாள். ஜெபம் முடிந்ததும் போன்கள் வெளியே வந்தன. யாரும் பகடி பேசவில்லை. ஒவ்வொருவராக அவனுடைய பதில்களைத் திறந்து, கொடுத்ததை எடுத்தார்கள். அவன் புள்ளி இறங்க இறங்க நீதுவின் நெஞ்சுக்குள் பழைய பகை ஒருமுறை எழுந்து நன்றாகச் சாப்பிட்டது. அதை அவள் மறைக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. ராபின்சன் ஒவ்வொரு விரலையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவளுடைய பதிலின் முறை வந்தது.

“இதயும் எடுக்கணுமா மக்கா?” என்றாள் மார்கிரெட். விரலை அம்புக்குறிக்கு மேலே நிறுத்தி வைத்திருந்தாள்.

“எடுக்கணும் அம்மா.”

எடுத்தார்கள். பிலோமி கண்ணாடி போட்டிருந்தாள். எல்லாம் முடிந்து பார்த்தபோது அந்தப் பதிலுக்குக் கீழே ஒரே ஒரு பச்சைக்குறி மிஞ்சியிருந்தது. கேள்வி கேட்டவர் மட்டும் வைக்க முடிகிற குறி அது. இரண்டு வருடம் அது அங்கே இருந்திருக்கிறது. வெள்ளத்தில் யாருக்கும் கண்ணில் படவில்லை.

மார்கிரெட் அதைக் காட்டி, “இதும் போணுமா?” என்று கேட்டாள்.

நீது பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து கட்டில் சத்தம் போட்டது. யேசுவடியான் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார். குழாயைக் கையால் பிடித்தபடி, மூச்சை எடுத்து எடுத்துச் சொன்னார்.

“அது... எனக்க கேள்வியாக்கும். எனக்கு... அதுல மூச்சு வந்துது. அத யாரும்... தொடப்பிடாது.”

விதிப்படியும் அது சரிதான். கேள்வி கேட்டவருக்கு அந்த உரிமை உண்டு. நீது உள்ளே போய் அவர் முதுகுக்குத் தலையணையை உயர்த்தி வைத்தாள். ராபின்சன் வாசலில் வந்து நின்றான். ஏதோ சொல்ல வந்தவனாக இருந்தான்.

“இண்ணைக்கு ஒண்ணும் சொல்லாத,” என்றாள் அவள், திரும்பாமல். “அந்தப் பக்கம் பிடி. அப்பா சரிஞ்சிருக்காரு.”

அவன் வந்து மறுபக்கம் பிடித்தான்.